பஸ் வராத நாளின் கால அட்டவணை

கடந்த ஆண்டு ஐப்பசி மாதம், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், ஜவ்வாது மலையில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே ஒரு நாளில் நான் பார்த்ததைப் பார்த்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு நாளிதழில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் மேசை வேலை. நிருபர்கள் அனுப்பும் செய்தியைத் திருத்துவது, இடத்துக்குத் தகுந்தபடி வெட்டுவது, தலைப்புப் போடுவது. இப்போது வேலூரில் இருக்கிறேன். இங்கே ஒரு சேவைச் சங்கத்தினர், சுற்றுவட்டாரத்தில் சிறந்த அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு இரண்டு அறைகள் கட்டித் தருவதாக அறிவித்தார்கள். அறைகளை எதற்கு வைத்துக்கொள்வது என்பது பள்ளியின் விருப்பம். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், வங்கி மேலாளர் ஒருவர், நான் என்று மூன்று நடுவர்கள். ஐந்து பள்ளிகள் இறுதிக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் எங்களில் ஒருவர் முன்கூட்டிச் சொல்லாமல் போய், முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை இருந்து மதிப்பெண் போட வேண்டும். வங்கிக்காரருக்கு முதுகுவலி. தலைமை ஆசிரியைக்குக் கொண்டை ஊசி வளைவு என்றாலே தலை சுற்றும். மலைப் பள்ளி எனக்கு வந்தது.

மற்ற நான்கு பள்ளிகளும் அறைகளைக் கணினிக்கும் ஆய்வகத்துக்கும் கேட்டிருந்தன. இந்தப் பள்ளியின் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் மூன்றே சொற்கள்: ‘ஆசிரியர்கள் இரவில் தங்க.’

முதல் நாள் மாலை போளூரிலிருந்து பஸ் ஏறி ஜமுனாமரத்தூரில் ஒரு விடுதியில் தங்கினேன். இரவு முழுக்க மழை. காலையில் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போய் இறங்கியபோது ஒன்பதே கால். ஈரச் செம்மண் மைதானம், அதைச் சுற்றி மூன்று கட்டடங்கள், இரண்டு பக்கம் சுற்றுச்சுவர், மற்ற இரண்டு பக்கம் காடு. தலைமை ஆசிரியர் அறை பூட்டியிருந்தது. ஆசிரியர் அறையும் பூட்டியிருந்தது. சத்துணவுக் கூடத்தில் மட்டும் புகை வந்துகொண்டிருந்தது.

சரியாக ஒன்பதரைக்கு மணி அடித்தது. அடித்தவள் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு மாணவி. அவள் பத்தாம் வகுப்பு என்பது பிறகு தெரிந்தது. பிள்ளைகள் வந்து வரிசையாக நின்றார்கள். மேசையில் உட்கார்ந்தவனுக்கு முதலில் எண்ணிப் பார்க்கும் பழக்கம் போகாது. எண்ணினேன். மாணவர்கள் அறுபத்து மூன்று பேர். ஆசிரியர்கள் யாரும் இல்லை.

மதிப்பெண் தாளை எடுத்தேன். ‘ஆய்வு நாளில், முதல் மணியின்போது ஆசிரியர் வருகை’ என்று ஒரு வரி. அதற்குப் பதினைந்து மதிப்பெண். அந்தக் கட்டத்தில் பேனாவால் பூஜ்யம் போட்டேன். மனத்துக்குள் தலைப்பு தானாக ஓடியது: ‘ஆசிரியரே இல்லாத அரசுப் பள்ளி’. நான்கு சொல், இரண்டு பத்தி அகலத்தில் அடங்கும். இதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இல்லை. ஆனால் அப்படித்தான் ஓடியது.

காலைக் கூட்டம் நடந்தது. ஒரு சிறுமி செய்தி வாசித்தாள். “பஸ் வராததால் நேத்திய பேப்பர்” என்று முதலிலேயே அறிவித்துவிட்டு வாசித்தாள். முப்பத்தோரு ஆண்டுகளில் அவ்வளவு நேர்மையான முன்குறிப்பு ஒன்றை நான் அச்சில் பார்த்ததில்லை. கூட்டம் கலைந்ததும் வரிசை குலையாமல் வகுப்புகளுக்குப் போனார்கள். மணி அடித்த பெண் நேராக என்னிடம் வந்தாள்.

“நீங்க யாருங்க சார்? இன்னா விஷயமா வந்தீங்க?”

“ஸ்கூலைப் பார்க்க வந்தேன்மா. சார், டீச்சர் யாரும் இல்லையா?”

“கீழ வளைவுல மரம் உழுந்துடுச்சாம் சார். பஸ்ஸு திரும்பிப் போயிடுச்சி. சமையக்கார அக்கா போனுக்கு ஹெச்.எம். சார் பேசினாரு. நடந்து வர்றாங்களாம். மதியானம் ஆவும்.”

“அதுவரைக்கும் என்ன செய்வீங்க?”

புரியாத மாதிரி என்னைப் பார்த்தாள். “டைம்டேபிள் இருக்குதே சார்.”

தாழ்வாரச் சுவரைக் காட்டினாள். அங்கே இரண்டு அட்டவணைகள் ஒட்டியிருந்தன. ஒன்று எல்லாப் பள்ளியிலும் இருப்பது. பக்கத்தில், மழைச் சாரல் படாமல் பிளாஸ்டிக் தாள் போர்த்திய இன்னொன்று. அதன் தலைப்பு: ‘பஸ் வராத நாள்’.

விவரம் கேட்டேன். ஆசிரியர்கள் ஆறு பேரும் கீழேயிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். மேலே வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. மழைக் காலத்தில் மரம் விழும், பாறை சரியும், சில நாள் பஸ்ஸே பழுதாகும். அப்படிப்பட்ட நாட்களில் முன்பெல்லாம் பிள்ளைகள் பத்து மணிவரை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்களாம். இரண்டு மணி நேரம் நடந்து வந்தவர்கள் மறுபடி இரண்டு மணி நேரம் நடப்பார்கள். இப்போது அப்படி இல்லை. முதல் பாடவேளையில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் இரண்டிரண்டு பேராக ஆறுக்கும் ஏழுக்கும் போய் நடத்துவார்கள். இரண்டாவதில் எட்டுக்குப் போவார்கள். மூன்றாவது பாடவேளைக்கு நேராக ‘வந்தவர் பாடம்’ என்று எழுதியிருந்தது.

“அது என்ன?”

“அன்னிக்கி ஸ்கூல் பக்கமா பெரியவங்க யார் வந்தாலும், அவங்களுக்குத் தெரிஞ்சத ஒரு பீரியட் எங்களுக்குச் சொல்லணும் சார். இன்னிக்கி நீங்கதான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஓடிடாதீங்க” என்றாள்.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. கொடுத்தாள், புரட்டினேன். வனக்காவலர் ஒருவர் கரடி எதிரே வந்தால் எப்படி நிற்பது என்று சொல்லியிருக்கிறார். மின்வாரிய ஊழியர் டிரான்ஸ்பார்மர் ஏன் உறுமுகிறது என்று சொல்லியிருக்கிறார். தேன் வாங்க வந்தவர், ஆட்டுக்கு ஊசி போட வந்தவர், வழி தவறி வந்த கல்லூரி மாணவர்கள் என்று பல பேர். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் ‘புரிந்ததா?’ என்று ஒரு கட்டம். ‘புரிந்தது’, ‘பாதி புரிந்தது’, ஒன்றில் ‘அவருக்கே புரியவில்லை’.

முதல் பாடவேளையில் ஆறாம் வகுப்பின் வாசலில் நின்றேன். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பெரிய தேக்கிலையை மடித்து மடித்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தான். மூன்றில் ஒன்றாக எப்படி மடிப்பது என்று ஒரு சிறுமி கேட்டாள். மடித்துப் பார்த்தான். சரியாக வரவில்லை. “எனக்கே தெரியல, எழுதி வையி” என்றான். அவள் எழுந்துபோய்க் கரும்பலகையின் வலது மூலையில் எழுதினாள். அந்த மூலையில் ஏற்கெனவே கோடு போட்டு ஒரு கட்டம் இருந்தது: ‘சார் வந்ததும் கேட்க’. எந்த வகுப்புக்குப் போனாலும் அதே மூலையில் அதே கட்டம் இருந்தது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு மேசையில் பத்து ஆண்டுகள் பிடித்தன. இவனுக்குப் பதினைந்து வயது.

நான் மதிப்பெண் தாளைப் பார்த்தேன். தேர்ச்சி விழுக்காட்டுக்கு நாற்பது. கட்டடம், கழிப்பறை, குடிநீருக்கு இருபது. ஆய்வகம், கணினிக்குப் பதினைந்து. கடைசியில் ‘இதர’ என்று பத்து. இந்தத் தேக்கிலையை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை.

இரண்டாவது பாடவேளையில் மணி அடித்த பெண் எட்டாம் வகுப்பில் விழுக்காடு நடத்தினாள். கையில் ஒரு பழைய அட்டை. அதில் நாளிதழ்த் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குத் தலைப்பு மட்டும் தெரிந்தது.

‘கடைசி இடத்தில் மலைப் பள்ளி’.

எழுத்தைப் பார்த்ததுமே அது எங்கள் நாளிதழ் என்று தெரிந்துவிட்டது. மாவட்டப் பக்கம். ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள். அந்தப் பக்கத்தை அப்போது பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான். தலைப்பில் முதலில் ‘மாவட்டத்தில்’ என்று ஒரு சொல் இருந்து, இடம் போதாமல் அதை எடுத்துவிட்டது ஞாபகம் வந்தது. பள்ளியின் பெயர் செய்திக்குள் இருந்தது. விண்ணப்பத்தில் இதே பெயரைப் படித்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான செய்திகள் கையால் போயிருக்கின்றன.

முன் பெஞ்சுக்கு நகர்ந்தேன். அட்டையின் கீழே யாரோ ஓர் ஆசிரியரின் கையெழுத்தில் ஒரு கேள்வி: ‘இந்தச் செய்தியில் இல்லாத எண்கள் எவை?’

“நம்ப ஸ்கூல்ல இருவது பேர் எழுதினாங்க. பன்னெண்டு பேர் பாஸு. எத்தன பர்சென்ட்டு?” என்று கேட்டாள்.

“அறுவது” என்று எட்டாம் வகுப்பு கத்தியது.

“மொதல் வந்த ஸ்கூலு?”

“நூறு.”

“கணக்கு தப்பா?”

“தப்பில்லக்கா.”

“அப்ப இன்னா இல்ல இதுல?”

கைகள் உயர்ந்தன. ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது இல்லை என்றான் ஒருவன். அந்த இருபது பேரில் பதினேழு பேர் ஆறாம் வகுப்பிலிருந்தே இங்கே படித்தவர்கள். நடுவில் ஒருவரைக்கூடப் பள்ளி விடவில்லை. மீதி மூன்று பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பது இல்லை என்றாள் இன்னொருத்தி. பத்தில் பெயிலாகிவிடுவார்கள் என்று வேறு பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். இந்தப் பள்ளி சேர்த்துக்கொண்டது. நூறு விழுக்காடு வாங்கிய பள்ளியில் ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தில் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதும் செய்தியில் இல்லை. கடைசியாக ஒருவன் எழுந்து, பெயிலான எட்டுப் பேர் அப்புறம் என்ன ஆனார்கள் என்பது இல்லை என்றான்.

“ஏழு பேர் துணைத் தேர்வுல பாஸு. பன்னெண்டும் ஏழும்?”

“பத்தொம்பது.”

அட்டையின் மூலையில் பென்சிலால் 19/20 என்று எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மற்றதெல்லாம் மையால் எழுதியிருக்க, அது மட்டும் பென்சில்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “மீதி ஒருத்தர்?” என்று கேட்டேன்.

“எங்க அக்கா சார்” என்றாள் அந்தப் பெண், சாதாரணமாக. “துணைத் தேர்வு எழுதல. பேப்பர்ல வந்துடுச்சி, மானம் போயிடுச்சின்னு எங்கப்பா வேணான்னுட்டாரு. இங்கதான் சமைக்குது. பாஸ் பண்ணா அழிச்சிட்டு எழுதலாம்னுதான் பென்சில்.”

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். அந்தச் செய்தி திடீரென்று பாதியில் நிற்பது போல முடிந்திருந்தது. நிருபர் அப்படி அனுப்பியிருக்க மாட்டார். கீழேயிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம். இடம் போதாதபோது கடைசிப் பத்தி போய்விடும். அதில் என்ன இருந்தது என்பது எனக்கு ஞாபகம் இல்லை. ஒருவேளை இந்தப் பிள்ளைகள் சொன்னதில் ஏதாவது இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

மூன்றாவது பாடவேளை. ஒன்பதும் பத்தும் ஒரே வகுப்பில் கூடினார்கள். நாளிதழ் எப்படி உருவாகிறது என்று ஆரம்பித்தேன். தலைப்பு எப்படிப் போடுவது, செய்தியை எப்படிச் சுருக்குவது என்று சொன்னேன். நன்றாகக் கேட்டார்கள். பிறகு அந்த அட்டையை வாங்கி மேசைமேல் வைத்து, “இந்தத் தலைப்பைப் போட்டவன் நான்தான்” என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வகுப்பில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் இருந்தது. தெரிந்ததை மறைக்க எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் முதலில் பேசினான். “எழுத்து நல்லா பெருசா இருக்குது சார், தூரத்துலருந்தே தெரியுது.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது எனக்காகப் போட்ட பாலம் என்பது புரிந்தது.

“தப்பா வந்துட்டா இன்னா பண்ணுவீங்க சார்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“திருத்தம் போடுவோம்.”

“இவ்ளோ பெரிய எழுத்துலயா?”

“இல்லை. சின்ன எழுத்தில், உள்பக்கத்தில்.”

“இதுக்குப் போட்டீங்களா?”

“இதில் எண்ணெல்லாம் சரிதானேம்மா. தப்பு என்று யாரும் சொல்லவில்லை.”

“தப்பில்ல சார்” என்றாள் மணி அடித்த பெண். “பாதிக் கணக்கு.”

பையிலிருந்து மதிப்பெண் தாளை எடுத்துக் காட்டினேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதையும், காலையில் போட்ட பூஜ்யத்தையும், அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் சொன்னேன். நடுவர் அப்படிக் காட்டக் கூடாதுதான். இரண்டு அறைகளைப் பற்றி அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அறை வந்தால் இரண்டு மூன்று ஆசிரியர்களாவது மலையிலேயே தங்குவார்கள். மாலையில் கடைசி பஸ்ஸுக்காகக் கடைசிப் பாடவேளையைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு நடக்கும். இதையெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் எனக்குச் சொன்னார்கள்.

“நீங்களே சொல்லுங்கள். இந்தப் பூஜ்யத்தை என்ன செய்யலாம்?” என்று கேட்டேன்.

“ஹெச்.எம். சார் போன்ல பேசினாருல்ல, அதுக்கு அர மார்க்கு?” என்றான் அதே பையன்.

“நடந்து வந்துனே இருக்காங்க சார். பாதி வழி வந்திருப்பாங்க. ஏழர போடலாம்” என்றான் இன்னொருவன். சிரிப்பு.

பின்னால் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அடிச்சிட்டு பதினஞ்சு போட்டா யாருக்கு சார் தெரியும்?”

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி என் மனத்திலும் இருந்தது. எல்லோரும் மணி அடித்த பெண்ணைத்தான் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். அவளுக்கும் அந்த அறைகள் வேண்டும். பத்தாம் வகுப்பு அவள். மாலை வகுப்பு நடந்தால் முதலில் பயன்படுவது அவளுக்குத்தான்.

“ஸீரோதான் சார்” என்றாள். “வராதவங்களுக்கு நம்ப அட்டெண்டன்ஸ்ல ஆஜர் போடறதில்ல. நமக்கு ஒண்ணு, சாருக்கு ஒண்ணா?” பிறகு சொன்னாள்: “ஆனா பக்கத்துல எடம் இருக்குது பாருங்க. மரம் உழுந்தது, நாங்க இன்னா பண்ணோம், அதையும் எழுதுங்க. மீதிக் கணக்கு.”

அறுபது வயதைத் தாண்டிய நான், பதினைந்து வயதுப் பிள்ளைகள் முன்னால், அவர்கள் சொல்லச் சொல்ல அந்த ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன். ஓரம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். முப்பத்தோரு ஆண்டுகளில் எந்தச் செய்தியையும் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

எழுதி நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே கரண்டியோடு ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். முகச்சாயலில் யார் என்று தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றாள், எதுவரை கேட்டாள் என்று தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

“சோறு ஆறுது சார். சாப்ட வாங்க.”

சாப்பிட்டேன். சாம்பார் சாதமும் முட்டையும். என் தட்டில் கேட்காமலேயே இன்னொரு கரண்டி வைத்தாள்.

பிற்பகல் இரண்டே முக்கால் மணிக்குத் தலைமை ஆசிரியரும், அவ்வளவு தூரம் நடக்க முடிந்த மூன்று ஆசிரியர்களும் வந்து சேர்ந்தார்கள். முழங்கால் வரை சேறு. செருப்பைக் கையில் பிடித்திருந்தார்கள். நான் எதிர்பார்த்தது, பிள்ளைகள் ஓடிவருவார்கள், வகுப்புகள் கலையும் என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியர் வாசலில் நின்றார். அவள் பார்த்து நிறுத்தப்போனாள். அவர் கையைக் காட்டினார். “முடிச்சிடும்மா, பீரியட் உன்னுது” என்று சொல்லிவிட்டு வெளியே மழைத் தண்ணீர்க் குழாயில் காலைக் கழுவினார். அடுத்த மணி அடிக்கும்வரை ஒருவரும் வகுப்புக்குள் போகவில்லை. மணி அடித்ததும் ஒவ்வொருவரும் வகுப்புக்குள் போய் முதலில் பார்த்தது கரும்பலகையின் வலது மூலையைத்தான்.

மூன்றில் ஒன்றாக இலையை மடிப்பது எப்படி என்று கணக்கு ஆசிரியர் சொல்லிக்கொடுக்கும்போது, காலையில் தோற்ற அந்தப் பத்தாம் வகுப்புப் பையனும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தான். என் உடம்பு சிலிர்த்தது. பெரிய விழாக்களையும் பெரிய மனிதர்களையும் வேலைக்காகப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அப்போதெல்லாம் வராதது அன்று வந்தது.

தலைமை ஆசிரியரிடம் அந்தத் தலைப்பைப் பற்றிச் சொன்னேன். “அந்த வருஷம் ரொம்ப திட்டினேங்க உங்கள, யாருன்னே தெரியாம” என்றார். பிறகு, “பேப்பர் கட்டிங்க அட்டையில ஒட்டினது நான்தான். கோவத்துல ஒட்டினேன். பசங்க அத பாடமாக்கிட்டாங்க” என்றார்.

கிளம்பும்போது நோட்டில் என் பாடத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். ‘தலைப்பு எப்படிப் போடுவார்கள் என்று சொன்னார். கேள்வி கேட்டோம். பாதிப் பதில் வந்தது.’ புரிந்ததா என்ற கட்டத்தில்: ‘எங்களுக்குப் புரிந்தது.’

நடுவர்கள் கூடியபோது நான் ஓரத்தில் எழுதியதையும் பின்பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நான் பத்து நிமிஷம் லேட்டா போனா என் ஸ்கூல் சத்தம் பஸ் ஸ்டாண்டுக்குக் கேக்கும்” என்றார். வங்கிக்காரர் நல்ல மனிதர்; ஆனால் கூட்டலில் கறாரானவர். “குறிப்புக்கு மார்க் கிடையாதே சார், எதைக் கூட்டறது?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. ‘இதர’ கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டிருந்தேன். அதற்கு மேல் கட்டம் இல்லை. கீழே சமவெளியில் இருக்கும் ஒரு பள்ளி முதலிடம் பெற்றது. அதுவும் தகுதியான பள்ளிதான். அதற்கும் மலைப் பள்ளிக்கும் வித்தியாசம் பதினொரு மதிப்பெண்.

பதினைந்தில் பூஜ்யம் போட்ட கை இது. அந்தப் பூஜ்யம் உண்மை. அதுதான் அறைகளைத் தடுத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முடிவைக் கடிதத்தில் அனுப்ப மனம் வரவில்லை. தை மாதம் ஆசிரியர்களோடு அதே காலை பஸ்ஸில் ஏறிப்போய் நேரில் சொன்னேன். பத்தாம் வகுப்பு கேட்டுக்கொண்டது. ஒன்றிரண்டு முகம் வாடியது. மணி அடிக்கும் பெண் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தாள். இரண்டு முறை கூட்டினாள். “கூட்டல் சரியா இருக்குது சார்” என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “அப்ப கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி வேகமா நடத்தச் சொல்லணும்” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அவ்வளவுதான்.

இந்த ஆண்டு சங்கத்தின் மதிப்பெண் தாளில் ஒரு வரி கூடியிருக்கிறது. தலைமை ஆசிரியையும் நானும் கேட்டு, வங்கிக்காரரும் ஒத்துக்கொண்டு சேர்த்தது: ‘ஆசிரியர் இல்லாத வேளையில் பள்ளி எப்படி நடக்கிறது?’ அதற்கும் பதினைந்து மதிப்பெண். மலைப் பள்ளி மறுபடி விண்ணப்பித்திருக்கிறது. நான் நடுவர் குழுவிலிருந்து விலகிவிட்டேன். ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட ஆள் தராசைப் பிடிக்கக் கூடாது. முடிவு இன்னும் வரவில்லை.

மணி அடித்த பெண் தேர்ச்சி பெற்று இப்போது கீழே விடுதியில் தங்கிப் பதினொன்று படிக்கிறாள். அவள் அக்கா தனித்தேர்வராக எழுதி இரண்டு பாடங்களில் தேறியிருக்கிறாள், மூன்று பாக்கி. பஸ் வராத நாட்களில் சமையல் முடிந்ததும் பத்தாம் வகுப்பில் வந்து உட்காருகிறாளாம். அட்டையில் இன்னும் பென்சிலில் பத்தொன்பதுதான்.

உறவினர்களும் பழைய நண்பர்களும் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்னால் என்னிடம் ஏதாவது ஒரு பள்ளியைச் சொல்லி, அது எப்படி, எத்தனை விழுக்காடு, எத்தனையாவது இடம் என்று விசாரிப்பார்கள். முன்பு சட்டென்று சொல்லிவிடுவேன், இப்போது அங்கே பஸ் வராத நாளில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.